பழைய காரில் டர்போ: இன்ஜினை மாற்றுவதா, டர்போவை மாட்டுவதா, காரையே மாற்றுவதா?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் என் மச்சானிடம் 2010-ஆம் வருடத்து ஃபியட் லீனியா ஒன்று இருக்கிறது. 1.4 லிட்டர் பெட்ரோல், காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் டர்போ இல்லாதது. கதவு சாத்தும்போது வரும் கனமான சத்தத்துக்காகவே அதை விற்க மனசு வரவில்லை என்பார். அவர் சொல்லும் குறை ஒன்றே ஒன்றுதான்: இழுவை போதவில்லை. ஏசி போட்டு, நாலு பேரை ஏற்றிக்கொண்டு, பாண்டி ரோட்டில் ஒரு பஸ்ஸை முந்துவதென்றால் மூன்றாவது கியருக்கு இறங்கி, இன்ஜினைக் கத்தவிட்டு, எதிரே வருகிறவனைப் பார்த்து மறுபடியும் பின்வாங்க வேண்டியிருக்கிறது. இதே லீனியாவை ஃபியட் டர்போ வைத்தும் விற்றது, டி-ஜெட் என்ற பெயரில். "அந்த இன்ஜினை எடுத்து இதில் போட்டுவிட்டால் என்ன?" என்று அவர் கேட்கிறார். லீனியா வைத்திருப்பவர் மட்டும் கேட்கும் கேள்வி இல்லை இது. பழைய போலோ, பழைய ஸ்விஃப்ட், பழைய இண்டிகா வைத்திருப்பவர்களும் வேறு வேறு இன்ஜின் பெயரைச் சொல்லி இதையேதான் கேட்கிறார்கள்.

ஆசையில் நியாயம் இருக்கிறதா என்று முதலில் எண்களில் பார்த்துவிடலாம். லீனியாவின் சாதா 1.4 இன்ஜின் கொடுப்பது 90 குதிரைத்திறன், 115 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது சுழற்றும் விசை. அந்த டார்க் முழுதாக வந்து சேர்வது 4,500 ஆர்பிஎம்மில், அதாவது இன்ஜின் நிமிடத்துக்கு 4,500 தடவை சுற்றும்போது. டி-ஜெட் கொடுப்பது 114 குதிரைத்திறன், 207 நியூட்டன் மீட்டர், அதுவும் 2,200 ஆர்பிஎம்மிலேயே. இரண்டுக்கும் கொள்ளளவு ஒன்றுதான், 1,368 சிசி. குதிரைத்திறனில் வித்தியாசம் கால் பங்கு சொச்சம். டார்க்கில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. கியரை இறக்காமலே பஸ்ஸைத் தாண்டிப் போக வைப்பது இந்த டார்க்தான். ஆக, மச்சான் கேட்பது வீண் ஆசை இல்லை.

அதை அடைய நான்கு வழிகள் இருக்கின்றன. இருக்கும் இன்ஜினையே சரி செய்து ஓட்டுவது, அதன் மேல் டர்போவை மாட்டுவது, டர்போ இன்ஜினை மொத்தமாக மாற்றுவது, இந்தக் காரை விற்றுவிட்டுக் கம்பெனியிலேயே டர்போவோடு வந்த ஒன்றை வாங்குவது. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முதல் வழி, அது போதாவிட்டால் நேரே நான்காவது. நடுவில் இருக்கும் இரண்டும் பட்டறையில் உட்கார்ந்து பேசத்தான் சுகம்.

இருக்கிற 90 குதிரையும் இருக்கிறதா?

பதினைந்து வருடம் ஓடிய கார் ஃபேக்டரியில் கொடுத்த சக்தியை இன்னும் கொடுக்கிறது என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை. "டர்போ போட வேண்டும்" என்று வருகிற பல கார்களுக்கு உண்மையில் தேவைப்படுவது நல்ல சர்வீஸ்தான். கம்ப்ரஷன் டெஸ்ட் எடுத்து நான்கு சிலிண்டரின் அழுத்த அளவும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். த்ராட்டில் பாடியில் கரி, தேய்ந்த ஸ்பார்க் பிளக், சோம்பிப்போன ஆக்சிஜன் சென்சார், அடைத்துக்கொண்ட கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், லேசாக நழுவும் கிளட்ச் என்று ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருடும்.

கடலோர ஊர்களில் இன்னொரு திருடன் உண்டு. தேவனாம்பட்டினத்திலோ குருசுக்குப்பத்திலோ உப்புக்காற்றில் நிற்கும் கார்களில் ஹேண்ட்பிரேக் கேபிள் துருப்பிடித்து, பின் சக்கரத்தின் பிரேக் முழுதாக விடாமல் லேசாகப் பிடித்துக்கொண்டே ஓடும். ஓட்டுகிறவருக்கு அது தெரியாது, இன்ஜினைத்தான் திட்டுவார். சமதளத்தில் நியூட்ரலில் காரைத் தள்ளிப் பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும்.

இந்த வழியில் ஆகிற செலவு மற்ற மூன்றின் பக்கத்தில்கூட வராது. ஆனால் இதன் எல்லையும் தெளிவு: எல்லாம் செய்து முடித்தாலும் 115-ஐத் தாண்டாது. ஈசியூவை, அதாவது இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரை, ரீமேப் செய்து அதன் கணக்கை மாற்றினால் கூடும் என்பார்கள். டர்போ இன்ஜினில் ரீமேப்புக்கு நல்ல பலன் உண்டு, டர்போ தள்ளும் காற்றின் அழுத்தமான பூஸ்ட்டைக் கூட்ட முடியும் என்பதால். டர்போ இல்லாத இன்ஜினில் கூட்டுவதற்குக் காற்றே கிடையாதே. கிடைப்பது சொற்பம். பெரிய ஏர் ஃபில்டர் போட்டால் சத்தம் கூடும், அவ்வளவுதான்.

இருக்கும் இன்ஜின் மேல் டர்போ

இதைச் சொல்கிறவர்கள் சொல்லும்போது எளிதாகத்தான் இருக்கும். சைலன்சருக்குப் போகும் புகையின் வேகத்தில் ஒரு சக்கரம் சுற்றுகிறது, அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் சக்கரம் காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளுகிறது. காற்று கூடினால் பெட்ரோல் கூடும், சக்தி கூடும். மெனிஃபோல்டு ஒன்றை வெல்டிங் செய்து டர்போவைத் தொங்கவிட்டால் தீர்ந்தது கதை.

தீராது. காற்றை அழுத்தினால் அது சூடாகும். மே மாதம் பாண்டியில் 38 டிகிரி வெயில் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காற்றை வெளிக்காற்றைவிட வெறும் அரை பார் கூடுதல் அழுத்தத்துக்கு ஏற்றினாலே, சுமாரான டர்போ ஒன்றிலிருந்து வெளியே வரும்போது அது 90 டிகிரியை ஒட்டி இருக்கும். அவ்வளவு சூடான காற்று சிலிண்டருக்குள் போய் மறுபடியும் அழுத்தப்படும்போது, பிளக் பற்றவைத்த தீ வந்து சேரும்வரை காத்திருக்காமல் பெட்ரோல் கலவை மூலையில் தானாகவே வெடிக்கும். இதுதான் நாக்கிங். கொஞ்ச நேரம் தொடர்ந்தால் பிஸ்டனின் விளிம்பு உடையும், ரிங் போகும், ஹெட் கேஸ்கெட் ஊதும்.

இதனால்தான் டர்போவுக்கென்று வடிவமைத்த பெட்ரோல் இன்ஜின்களில் பெரும்பாலும் கம்ப்ரஷன் விகிதத்தை, அதாவது சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு அழுத்தப்படுகிறது என்ற கணக்கை, குறைத்து வைப்பார்கள். டி-ஜெட்டில் அது 9.8. டர்போ இல்லாத இன்றைய பெட்ரோல் இன்ஜின்களில் 10-க்கு மேல், 12, 13 வரைகூடப் போகும். பிஸ்டன், கனெக்டிங் ராடு, வால்வு, ஆயில் வழி, பிஸ்டனுக்கு அடியில் ஆயில் பீய்ச்சும் அமைப்பு என்று உள்ளே பலவற்றை டர்போவை மனதில் வைத்தே செய்வார்கள். வெளியிலிருந்து மாட்டும்போது இவை எதுவும் கூட வராது. அழுத்திய சூடான காற்றை ஆற்றும் இன்டர்கூலர் வைத்தாக வேண்டும். அதைப் பெரும்பாலும் ஏசி கண்டென்சருக்கு முன்னால்தான் வைக்க வேண்டிவரும். வைத்தால் ஏசியும் ரேடியேட்டரும் சூடான காற்றை வாங்கும். பாண்டியில் இந்திரா காந்தி சிலை சிக்னலிலும் மரப்பாலத்திலும் மதியம் ஒரு மணிக்கு நின்று பார்த்தவர்களுக்கு அதன் அர்த்தம் புரியும்.

இன்ஜெக்டர் பெரிதாக வேண்டும், அதற்கேற்ற பெட்ரோல் பம்ப் வேண்டும், ஈசியூவைப் புதிதாக டியூன் செய்ய வேண்டும். டியூனிங் என்பது சக்தியை அளக்கும் டைனோ மேடையில் காரை ஏற்றி, காற்றும் பெட்ரோலும் கலக்கும் விகிதத்தைக் காட்டும் லாம்டா அளவையும் நாக்கிங்கையும் பார்த்துக்கொண்டே ஒவ்வொரு கட்டமாகச் செய்யும் வேலை. அந்த ஆட்களைத் தேடி கோயம்புத்தூருக்கோ பெங்களூருக்கோதான் வண்டியை ஏற்றிப்போக வேண்டும். டியூன் செய்த பிறகு இங்கே ஏதாவது ஒரு சென்சார் போனால் மறுபடியும் அங்கேதான்.

பெட்ரோல் சங்கதியும் ஒன்று இருக்கிறது. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் நாக்கிங்கைத் தடுப்பதில் நல்லது, டர்போவுக்கு அது சாதகம்கூட. ஆனால் 2023 ஏப்ரலுக்கு முன் வந்த பெரும்பாலான கார்களின் ரப்பர் ஹோஸ், கேஸ்கெட், பம்ப் பாகங்கள் அந்த அளவு எத்தனாலுக்காகச் செய்யப்பட்டவை இல்லை. அழுத்தம் கூடிய சூடான இன்ஜின் அறையில் பதினைந்து வருடப் பெட்ரோல் ஹோஸ் கசிவதை நான் கற்பனை செய்து பார்க்கவே விரும்பவில்லை.

டர்போவுக்குப் போகும் மூன்று வழிகளில் செலவு குறைவு போலத் தோன்றுவதும் இதுதான், பாதியில் நின்றுபோவதும் இதுதான். பெட்ரோல் காரில் இதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

இன்ஜினையே மாற்றுவது

இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. ஒரே பாடியில் டர்போ உள்ளதையும் இல்லாததையும் கம்பெனியே விற்றிருந்தால், இன்ஜின் மாற்றுவது நியாயமான யோசனைதான். லீனியா அப்படிப்பட்ட கார். இரண்டு இன்ஜினும் ஒரே குடும்பம். சிலிண்டர் விட்டம் 72 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 84 மில்லிமீட்டர் என்பதுகூட ஒன்றுதான். மவுண்ட்டைப் புதிதாகக் கடைய வேண்டியதில்லை, டி-ஜெட் காரின் மவுண்ட்டையே எடுத்துப் போடலாம். ஸ்விஃப்ட்டில் வேறு கம்பெனி இன்ஜினைத் திணிக்கிற மாதிரியான அறுவை வேலை இல்லை.

சரி, இன்ஜினை எங்கே பிடிப்பது? நம் ஊர்ப் பட்டறைக்காரர்கள் எல்லோரும் கை காட்டுவது சென்னை புதுப்பேட்டையைத்தான். அங்கே கிடைக்கலாம். ஆனால் கிடைப்பது எந்தக் காரிலிருந்து வந்தது என்பதுதான் முக்கியம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையிலும் கடலூர் மாவட்டத்திலும் தண்ணீரில் மூழ்கிய கார்கள் எத்தனையோ. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் பாண்டிக்குப் பக்கத்திலேயே கரை ஏறியபோது ரெயின்போ நகர் பக்கம் நின்ற கார்களின் நிலையை எல்லோரும் பார்த்தோம். அப்படி மூழ்கியவை பாகம் பாகமாகப் பிரிந்து எங்கெங்கோ போயிருக்கும். வெளியே தண்ணீர் அடித்துக் கழுவிப் பளபளவென்று வைத்திருப்பார்கள். ஆல்டர்னேட்டரின் உள்பக்கம், ஸ்டார்ட்டர் மோட்டாரின் மடிப்பு, வயரிங் கனெக்டரின் உட்புறம் ஆகிய இடங்களில் டார்ச் அடித்துப் பார்த்தால் வண்டல் தெரியும். பிளக்கைக் கழற்றிச் சிலிண்டருக்குள்ளும் பார்க்க வேண்டும்.

நல்ல இன்ஜின் கிடைத்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். மச்சானுக்குத் தெரிந்த மெக்கானிக் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "இன்ஜின் ரெண்டு நாள்ல இறங்கிடும்ணே. வயரிங் எப்ப முடியும்னு மட்டும் கேக்காதீங்க." அவர் நேர்மையான ஆள். ஃபியட்டில் ஈசியூவும், டேஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் பாடி கம்ப்யூட்டரும், சாவிக்குள் இருக்கும் சிப்பும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொண்டால்தான் இன்ஜின் ஸ்டார்ட் ஆகும். வேறொரு காரின் ஈசியூவை மட்டும் கொண்டுவந்து மாட்டினால் திருட்டைத் தடுக்க வைத்திருக்கும் இம்மொபிலைசர் விடாது. மூன்றையும் ஒரே காரிலிருந்து செட்டாக எடுக்க வேண்டும். எடுத்து மாட்டிய பிறகும் மீட்டரில் ஓடோமீட்டர் எண் கண் சிமிட்டிக்கொண்டே இருக்கும். பாடி கம்ப்யூட்டரில் எழுதியிருக்கும் காரின் விவரமும் மற்ற யூனிட்களில் இருக்கும் விவரமும் ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். இதைச் சரி செய்வதற்கு பிராக்ஸி அலைன்மெண்ட் என்று பெயர். மல்டிஈசியூஸ்கேன் போன்ற மென்பொருளும் அதைக் கையாளத் தெரிந்த ஆளும் இருந்தால் முடியும். ஃபியட் இங்கே கார் விற்பதை நிறுத்தி வருடங்கள் ஆகிவிட்டதால் அந்த ஆளைத் தேடுவதே தனி வேலை.

அடுத்து, இன்ஜினோடு சேர்ந்து என்னென்ன வர வேண்டும் என்று ஒரு காகிதத்தில் எழுதிப் பார்த்தோம். டர்போ, மெனிஃபோல்டு, அதிலிருந்து இறங்கும் குழாய், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர். இன்டர்கூலரும் அதன் குழாய்களும். ரேடியேட்டர், ஃபேன். டர்போவுக்குப் போகும் ஆயில் குழாயும், அதிலிருந்து ஆயில் தானாக வடிந்து இறங்கும் குழாயும். பெட்ரோல் பம்ப். கிளட்ச்: 115-க்காகச் செய்த கிளட்ச்சில் 207-ஐ விட்டால் நழுவும். கியர்பாக்ஸ், டிரைவ் ஷாஃப்ட். இத்தோடு முடிந்ததா என்றால் இல்லை, பிரேக் பாக்கி இருக்கிறது. டி-ஜெட்டுக்கு நான்கு சக்கரத்திலும் டிஸ்க் கொடுத்திருந்தார்கள், டயர் 205/55, 16 அங்குலம். சாதா 1.4-க்குப் பின்னால் டிரம். வேகத்தைக் கூட்டிவிட்டு நிறுத்துவதைப் பழையபடியே விட்டுவைப்பது எனக்குப் பைத்தியக்காரத்தனமாகப் படுகிறது. இன்ஜின் மாற்றுகிறேன் என்று சொல்கிறவர்கள் முதலில் மறப்பதும் பிரேக்கைத்தான்.

இந்தப் பட்டியலைப் பார்த்தாலே ஒரு விஷயம் தெரியும். இவற்றைத் தனித்தனியாகத் தேடினால் இன்ஜினுக்குக் கொடுத்த விலையைத் தாண்டிப் போகும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் சொல்வது, ஒரு முழு டி-ஜெட் காரை வாங்கி, அதிலிருந்து எல்லாவற்றையும் இதற்கு மாற்று என்பது. இன்ஜின் மாற்றுவதற்கு இருக்கும் வழிகளில் இதுதான் சரியான வழி, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அப்படி வாங்கிவிட்டால், ஓடுகிற ஒரு முழு டி-ஜெட் லீனியா வாசலில் நிற்கிறதே! அதன் இன்ஜினை எதற்காகப் பிடுங்க வேண்டும்? பாடி துருப்பிடித்து, அடிபட்டு நசுங்கிய டி-ஜெட் சல்லிசாகக் கிடைத்தால் மட்டுமே இந்தக் கணக்கு வேறு மாதிரி போகும்.

டீசலைப் பற்றியும் சிலர் கேட்பார்கள், 1.3 மல்டிஜெட் எங்கும் கிடைக்கிறதே என்று. உண்மைதான். ஃபியட், மாருதி, டாடா என்று எல்லோரும் வைத்து விற்ற இன்ஜின் அது, பாகத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் பெட்ரோல் காரை டீசலாக்குவது பெட்ரோல் டேங்கிலிருந்து ஆர்சி புத்தகம் வரை மாற்றும் வேலை. ஆர்சியிலேயே மாட்டிக்கொள்வீர்கள் என்பதால் இதோடு விடுகிறேன். பழைய மெக்கானிக்கல் பம்ப் டீசல்கள், உதாரணமாக டர்போ இல்லாத இண்டிகாவுக்கு அதே குடும்பத்து டர்போ இன்ஜின், கைவேலையாகப் பார்த்தால் எல்லாவற்றிலும் எளிது. ஈசியூவே கிடையாது, வயரிங் தொல்லை இல்லை. டாக்ஸிக்காரர்கள் பலர் செய்தும் இருக்கிறார்கள்.

ஆர்சி புத்தகம் என்ன சொல்லும்?

அந்தக் காலத்தில் பெட்ரோல் அம்பாசிடரில் மாட்டடார் டீசல் இன்ஜினைப் போட்டு, ஆர்டிஓ ஆபீஸில் எழுதி வாங்கி ஓட்டியவர்களைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கலாம். அதை நம்பி இப்போது இறங்கக் கூடாது.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு, உற்பத்தியாளர் கொடுத்த விவரங்களிலிருந்து ஆர்சியில் உள்ளவை மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இந்தப் பிரிவை அப்படித்தான் கறாராகப் படித்துச் சொன்னது. விலக்கு இருப்பது சிஎன்ஜி, எல்பிஜி, பேட்டரி போன்ற வேறு எரிபொருளுக்கு அங்கீகரிக்கப்பட்ட கிட் மூலம் மாறுவதற்கு. இன்ஜின் கெட்டுப்போய் அதே வகை இன்ஜினை மாற்றுவதும் வேறு சங்கதி. அதைப் பில்லோடு கொண்டுபோய்ப் பதிவு செய்துகொள்ளலாம். டர்போ இல்லாததாக அங்கீகாரம் வாங்கிய காரில் டர்போ இன்ஜினை ஏற்றுவது இந்த இரண்டிலும் சேராது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி அனுமதிக்கப்படாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

"ரெண்டும் 1,368 சிசிதானே, யாருக்குத் தெரியும்?" என்று மச்சான் கேட்டார். இன்ஜினில் பொறித்திருக்கும் எண்ணுக்குத் தெரியும். 2010 காருக்குப் பதினைந்து வருடம் முடிந்து ஆர்சி புதுப்பிக்க வேண்டிய கட்டம் இது. பதினைந்தைத் தாண்டிய காருக்கு அந்தக் கட்டணமே 5,000 ரூபாய். 2025 ஆகஸ்ட்டிலிருந்து இருபதைத் தாண்டினால் 10,000. புதுப்பிக்கப் போனால் வண்டியை நேரில் பார்த்து சேசிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் ஒப்பிடுவார்கள். அதற்குப் பிறகும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை இதே பரீட்சை.

இன்ஷூரன்ஸ் இன்னும் மோசம். சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காரணம் காட்டி, விபத்துக்குப் பிறகு உங்கள் வண்டிச் சேதத்துக்கான க்ளெய்மை மறுக்க அவர்களுக்கு இடம் இருக்கிறது. பானெட்டைத் திறந்ததுமே சர்வேயர் கண்ணில் இன்டர்கூலர் படும்.

பாண்டியில் எல்லாம் நடக்கும் என்று கடலூர்க்காரர்களுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. சாலை வரி வேறு, பெட்ரோல் விலை வேறு, இன்னும் சிலவற்றின் விலையும் வேறு, ஒப்புக்கொள்கிறேன். மோட்டார் வாகனச் சட்டம் மட்டும் மத்தியச் சட்டம். மஞ்சக்குப்பத்துக்கும் முதலியார்பேட்டைக்கும் அது ஒன்றுதான்.

டர்போவோடு பிறந்த கார்

பழைய கார் சந்தையில் இப்போது இதற்குப் பஞ்சமே இல்லை. டி-ஜெட் லீனியாவிலேயே 2016-இல் வந்த 125எஸ் என்ற 125 குதிரைத்திறன் மாடல் உண்டு. புன்டோ அபார்த் 2015-இல் வந்தது, 145 குதிரைத்திறன், 212 நியூட்டன் மீட்டர். கிடைப்பது அரிது, வைத்திருப்பவர்கள் லேசில் விடுவதில்லை. ஃபியட்டே வேண்டாம் என்றால் 2017-இல் வந்த பலேனோ ஆர்எஸ் இருக்கிறது: 1 லிட்டர் பூஸ்டர்ஜெட், 102 குதிரைத்திறன், 150 நியூட்டன் மீட்டர், பின்னாலும் டிஸ்க் பிரேக். மாருதி சர்வீஸ் பாண்டியிலும் கடலூரிலும் கூப்பிடு தூரத்தில் இருப்பதால் நிம்மதியாகத் தூங்கலாம். போலோ ஜிடி டிஎஸ்ஐ ஓட்டச் சுகமானது, 175 நியூட்டன் மீட்டர். 2013 முதல் வந்த 1.2 லிட்டர் மாடலில் ஏழு கியர் டிஎஸ்ஜி என்ற இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக்தான் கிடைத்தது. அதன் டிரை கிளட்ச்சும், கியரை மாற்றும் மெகட்ரானிக்ஸ் யூனிட்டும் வெயிலிலும் நெரிசலிலும் பெயர் கெடுத்துக்கொண்டவை. 2020-இல் வந்த 1 லிட்டர் மாடல் மேனுவலிலும் உண்டு, எடுத்தால் அதை எடுக்கலாம். ஈக்கோஸ்போர்ட்டின் 1 லிட்டர் ஈக்கோபூஸ்ட், நெக்ஸான் 1.2 டர்போ ஆகியவையும் இருக்கின்றன. மச்சானுக்கு அந்த உயரமான ரகம் பிடிக்காது.

இவை எல்லாவற்றிலும் இன்ஜின், கியர்பாக்ஸ், பிரேக், கூலிங், வயரிங், ஆர்சி ஆகிய ஆறும் ஒன்றுக்கொன்று பொருந்தி ஏற்கெனவே முடிந்த வேலையாக வருகின்றன. லீனியாவை விற்ற காசு, சர்வீஸுக்கு வைத்திருந்த காசு, இன்ஜின் மாற்ற ஒதுக்கிய காசு என்று மூன்றையும் சேர்த்தால் இவற்றில் ஒன்றுக்கு அநேகமாக எட்டும். எட்டாவிட்டாலும் வித்தியாசம் பயப்படும்படி இருக்காது.

இன்ஜின் மாற்றுவது சரி என்று நான் சொல்லும் இடம் ஒன்று உண்டு. ரோட்டுக்கே வராத, டிரைலரில் ஏற்றி இருங்காட்டுக்கோட்டைக்கோ கோயம்புத்தூருக்கோ போய் டிராக்கில் மட்டும் ஓடும் கார். அங்கே கேள்வி ஆர்சி இல்லை, பந்தய விதிகள் மட்டும்தான். பத்மினி, கான்டெஸ்ஸா மாதிரி பாடிக்கே மதிப்பு உள்ள கார்களிலும் ஆசை வரும். பத்மினியின் 1,089 சிசி இன்ஜினை வைத்துக்கொண்டு ஈசிஆரில் போவது பொறுமைக்கு ஒரு பயிற்சி. ஆனால் அதிலும் ஒரு முட்டுக்கட்டை: 2021-இல் வந்த விதிப்படி ஐம்பது வருடம் தாண்டிய கார்களை விண்டேஜ் என்று பதிவு செய்யலாம், இன்ஜினிலும் பாடியிலும் பெரிய மாற்றம் இல்லாமல் அசலாக இருந்தால். எழுபதுகளின் நடுவில் வந்த பத்மினிகள் இப்போது அந்த வரிசைக்குள் நுழைகின்றன. டர்போ ஏற்றினால் அந்தக் கதவு சாத்திக்கொள்ளும்.

இப்போதைக்கு மச்சான் சர்வீஸுக்கு ஒப்புக்கொண்டிருக்கிறார். கூடவே பாண்டிப் பதிவு டி-ஜெட் ஒன்று விலைக்கு வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு, போய்ப் பார்க்க என்னைக் கூப்பிடுகிறார். பார்க்கப் போகிறவர்களுக்கு இதையும் சொல்லிவிடுகிறேன். காலையில், இன்ஜின் சில்லென்று இருக்கும்போது போக வேண்டும். முதல் நாள் மாலையே போன் செய்து "ஸ்டார்ட் பண்ணி வைக்காதீங்க" என்று சொல்லி வைப்பது நல்லது. ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. டர்போ சீலாக இருக்கலாம், வால்வு சீலாகவும் இருக்கலாம். ஏர் ஃபில்டரிலிருந்து டர்போவுக்குப் போகும் குழாயைக் கழற்றி, விரலால் அந்தச் சக்கரத்தை ஆட்டிப் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் மிக மெல்லிய ஆட்டம் இருக்கலாம். உள்ளே தள்ளி வெளியே இழுத்தால் அசையவே கூடாது, சக்கரம் சுவரில் உரசிய கோடும் இருக்கக் கூடாது. நிமிடத்துக்கு லட்சம் தடவைக்கு மேல் சுற்றும் பொருள் அது. எப்போது ஆயில் மாற்றினார்கள், என்ன ஆயில் ஊற்றினார்கள் என்பதற்குப் பில் கேட்க வேண்டும். டைமிங் பெல்ட் மாற்றியதற்கும். பில் இல்லை என்றால் பெல்ட், வாட்டர் பம்ப் செலவை விலையில் கழித்துக்கொள்ள வேண்டும். ஓடோமீட்டர் சிமிட்டினால் யாரோ மீட்டரையோ கம்ப்யூட்டரையோ மாற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஏன் என்று கேளுங்கள்.

அப்புறம், கடலூர்க்காரர் பாண்டி வண்டி வாங்கும்போது விலையை மட்டும் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுத்துவிடக் கூடாது. வேறு மாநிலப் பதிவு எண்ணோடு பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருக்க முடியாது. ஆட்சேபம் இல்லை என்ற என்ஓசி வாங்கி, தமிழ்நாட்டு வரியைக் கட்டி, டிஎன் 31-க்கு மாற்ற வேண்டும். அந்த வரி எவ்வளவு என்று கடலூர் ஆர்டிஓ ஆபீஸில் முதலில் கேட்டுவிட்டு, அதையும் சேர்த்துத்தான் விலை பேச வேண்டும்.